சீலியாக் உள்ளவர் சொசேஜ் சாப்பிடுவது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு ஒரு வழிகாட்டி

சொசேஜ் இறைச்சிதானே, அதுக்குள்ள கோதுமை எங்க வந்தது? சீலியாக் நோய் என்று புதிதாக அறிந்த வீடுகளில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். பாணை நிறுத்துவார்கள், ரொட்டியை நிறுத்துவார்கள், கோதுமை மாப் புட்டை அரிசி மாவுக்கு மாற்றுவார்கள். பிள்ளை சோற்றோடு சாப்பிட இரண்டு சொசேஜை மட்டும் பொரித்து வைப்பார்கள். ஆறு மாதம் கழித்து இரத்தம் சோதித்தால் நோயைக் காட்டும் அளவு இறங்கியிராது. எங்கே பிழைத்தது என்று வீடே குழம்பிப் போகும்.

சொசேஜைக் கைவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. எந்தச் சொசேஜ், எந்தக் கடையில், எந்தத் தாச்சியில், எந்தச் சோஸோடு என்ற நான்கையும் பார்க்கத் தெரிந்தவர் பயமில்லாமல் சாப்பிடலாம். இந்த நான்கில் பக்கெட்டை மட்டும் பார்த்துவிட்டு மற்ற மூன்றையும் விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

தொடங்க முன்னர்: நோய் இதுதான் என்று உறுதியா?

கோதுமை, பார்லி, றை ஆகிய மூன்று தானியங்களிலும் இருக்கும் புரதத்தைக் குளூட்டன் என்கிறோம். சீலியாக் உள்ளவர் அதைச் சாப்பிட்டதும் அவருடைய நோயெதிர்ப்புச் சக்தி அவருடைய சிறுகுடலையே தாக்குகிறது. குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சுவதற்கென்று இருக்கும் நுண்ணிய விரல் போன்ற முளைகள் தட்டையாகிவிடும். அதன் பிறகு எவ்வளவு நல்ல சாப்பாடு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. வயிற்றோட்டம், வயிறு ஊதுதல், இரும்புச்சத்து மாத்திரை போட்டும் தீராத இரத்தச்சோகை, பிள்ளை உயராமல் நிற்பது, எலும்பு பலவீனப்படுவது எல்லாம் இதனால் வரலாம். சிலருக்கு வயிற்றில் ஒன்றுமே தெரியாது. தோலில் கடிக்கிற கொப்புளமாக மட்டும் வெளிப்படுகிறவர்களும் உண்டு.

சந்தேகம் வந்ததும் கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். இரத்தத்தில் தேடுவது குளூட்டனுக்கு எதிராக உடம்பு கிளம்பியதன் அடையாளத்தை. கோதுமையை நிறுத்திச் சில மாதங்கள் போனால் அந்த அடையாளம் மங்கி, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலோ அம்பாறைப் பொது வைத்தியசாலையிலோ கல்முனையிலோ காட்டும்போது ‘டிரான்ஸ்குளூட்டமினேஸ் ஐஜிஏ’ என்ற பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். அதோடு, ஐஜிஏ என்ற நோயெதிர்ப்புப் புரதத்தின் மொத்த அளவையும் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் குழாய் விட்டுக் குடலிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். உறுதியானால் தாய், தகப்பன், கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லாரும் சோதித்துக்கொள்வது நல்லது. நெருங்கிய இரத்த உறவில் பத்துப் பேரில் ஒருவருக்கு என்ற அளவில் இந்த நோய் காணப்படுகிறது.

இதற்கு மருந்தென்று ஒன்றும் இல்லை. குளூட்டனை ஆயுள் முழுக்க விலக்குவதுதான் வைத்தியம்.

முதலாம் படி: சொசேஜுக்குள் என்ன இருக்கிறது என்று அறியுங்கள்

அரைத்த இறைச்சி, கொழுப்பு, உப்பு, ஐஸ் தண்ணீர், வாசனைச் சரக்கு. இவ்வளவும் போதும், சொசேஜ் செய்யலாம். உப்போடு சேர்த்து அரைக்கும்போது இறைச்சியின் புரதம் கசிந்து பிசினாகித் தண்ணீரையும் கொழுப்பையும் பிடித்துக்கொள்ளும். ஜெர்மன் வகைச் சொசேஜுகள் பல பரம்பரையாக இப்படித்தான் நிற்கின்றன, மா தேவைப்படுவதில்லை. பிரித்தானிய வகை வேறு. அதற்கு றஸ்க் எனப்படும் காய்ந்த கோதுமைத் தூளைக் கலப்பது வழக்கம். தூள் தண்ணீரைக் குடித்து ஊதும், சொசேஜ் காய்ந்து போகாது, இறைச்சியின் அளவும் குறையும், விலையும் குறையும். மலிவான சொசேஜ் எந்த நாட்டில் செய்யப்பட்டாலும் மாவும் சோயாப் புரதமும் சேர்வதற்கு இதுதான் காரணம்.

ஒரு கணக்குப் பாருங்கள். 50 கிராம் எடையுள்ள சொசேஜில் 5 வீதம் கோதுமை மா என்று வைத்துக்கொள்வோம். அது 2.5 கிராம் மா. அதற்குள் ஏறத்தாழ 200 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலானோர் ஒரு நாளில் தாங்கக்கூடியதாகச் சொல்லப்படும் அளவு 10 மில்லிகிராம். ஒரே ஒரு சொசேஜில் அதைப்போல இருபது மடங்கு! ‘கொஞ்சம் திண்டா என்ன மனே நடக்கப் போகுது?’ என்று அம்மம்மா கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். பாசத்தில்தான் கேட்கிறா, ஆனால் குடலுக்குப் பாசம் தெரியாது.

சூட்டில் குளூட்டன் அழியாது. அவித்தாலும் பொரித்தாலும் கருக்கினாலும் அப்படியே இருக்கும்.

மேலே இருக்கும் தோலைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். அங்கே பிரச்சினை குறைவு. ஆட்டுக்குடல், பன்றிக்குடல், கொலஜன், செல்லுலோஸ் ஆகிய எதிலும் இயல்பாகக் குளூட்டன் இல்லை. ஆனால் கொலஜன் தோல் பெரும்பாலும் மாட்டுத் தோலிலிருந்து எடுக்கப்படுவது. மாட்டிறைச்சி சாப்பிடாத வீட்டில் ‘சிக்கன்’ என்று வாங்கினாலும் இதையும் ஒருதரம் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: பக்கெட்டின் பின்பக்கம்

முன்பக்கத்துப் படத்தையும் பெரிய எழுத்தையும் விடுங்கள். ‘100 வீதம் கோழி இறைச்சி’ என்று முன்னால் போட்டிருந்தால், உள்ளே இருக்கிற இறைச்சி எல்லாம் கோழிதான் என்று மட்டுமே அர்த்தமாக இருக்கலாம். உள்ளே இறைச்சியைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அது சொல்லவில்லை. ஹலால் முத்திரையும் அப்படித்தான். மார்க்கத்துக்கு ஆகுமானது என்று சொல்லும், கோதுமையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் நல்ல நம்பிக்கையோடு ‘இது ஹலால், ஒண்டும் செய்யாது’ என்று தருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கோபிக்க வேண்டாம், பக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்.

பின்பக்கத்தில் சேர்மானங்கள் இருக்கும். தமிழ் எழுத்து மிகவும் சிறிதாக இருந்தால் போனில் படம் எடுத்துப் பெருப்பித்து வாசியுங்கள். ஆங்கிலப் பகுதியையும் சேர்த்தே பாருங்கள்.

கண்டவுடன் பக்கெட்டை வைத்துவிட வேண்டியவை: கோதுமை மா, வீற் பிளவர், றஸ்க், பிரெட் கிரம்ஸ், வீற் புரோட்டீன், வீற் குளூட்டன், ரவை, பார்லி, மோல்ட் எக்ஸ்ட்ராக்ட். சாதாரண சோயா சோஸும் இதே கூட்டம்தான், பெரும்பாலானவை கோதுமையும் சேர்த்துப் புளிக்க வைப்பவை.

சில சொற்கள் இரண்டும் கெட்டான். ‘ஸ்டார்ச்’, ‘மொடிபைட் ஸ்டார்ச்’, ‘மாப்பொருள்’ என்று மொட்டையாக இருந்தால் அது சோளமாகவும் இருக்கலாம், மரவள்ளியாகவும் இருக்கலாம், கோதுமையாகவும் இருக்கலாம். 1404 தொடக்கம் 1451 வரையான ஈ எண்கள் எல்லாம் இந்த மாற்றிய மாப்பொருள்களே. ‘ஹைட்ரலைஸ்ட் வெஜிட்டபிள் புரோட்டீன்’, ‘பைண்டர்’, ‘பில்லர்’, ‘சீசனிங்’, ‘ஸ்பைஸ் மிக்ஸ்’ என்பவையும் கேட்டுத் தெளியவேண்டியவை. மசாலாக் கலவை கட்டிபடாமல் இருக்க அதிலும் மா சேர்ப்பார்கள்.

பயமுறுத்துகிற பெயருள்ள சில பொருட்கள் இந்த விஷயத்தில் அப்பாவிகள். சோயாப் புரதம், பால்மா, டெக்ஸ்ட்ரோஸ், மோல்டோடெக்ஸ்ட்ரின், கராஜீனன், பொஸ்பேட், சோடியம் நைட்ரைட், மொனோசோடியம் குளூட்டமேட் ஆகியவற்றில் குளூட்டன் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. கடைசியில் உள்ளதன் பெயரைக் கேட்டுக் குழம்புகிறவர்கள் அதிகம். அஜினோமோட்டோ என்று நாங்கள் சொல்கிற உப்புத்தான் அது. மோல்ட் என்பது பார்லி, மோல்டோடெக்ஸ்ட்ரின் என்பது வேறு பொருள், இந்த இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

மரக்கறிச் சொசேஜைப் பற்றி ஒரு தனி எச்சரிக்கை. சைவக்காரருக்கு நல்லது என்று நினைத்து எடுக்கப்படும் இந்த வகையில்தான் ஆபத்து அதிகம். இறைச்சி போன்ற இழுவை வரவேண்டுமென்று தனிக் குளூட்டனையே சேர்த்துச் செய்யும் வகைகள் உண்டு. சோயாமீற் பக்கெட்டையும் இதே கண்ணோடு பாருங்கள்.

‘குளூட்டன் ஃப்ரீ’ என்று போட்டிருந்தால்? சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸ் வகுத்த எல்லை ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அந்த எல்லைக்குள் உள்ள சொசேஜில் 100 கிராம் சாப்பிட்டாலும் 2 மில்லிகிராமுக்கு மேல் போகாது. ‘கோதுமை அடங்கியிருக்கலாம்’ என்ற வரி இருந்தால் நான் வாங்கமாட்டேன். அந்த வரி இல்லை என்பதை மட்டும் நம்பியும் வாங்கமாட்டேன், போடாமல் விடுகிறவர்களும் இருப்பார்கள்.

மூன்றாம் படி: கம்பனிக்கு ஒரு அழைப்பு

பக்கெட்டில் தொலைபேசி எண் இருக்கும். கூச்சப்படாமல் எடுங்கள். ‘உங்கட சொசேஜில குளூட்டன் இருக்கா?’ என்று மட்டும் கேட்டால் மறுபக்கம் இருப்பவருக்குக் கேள்வி விளங்காமல், வாயில் வந்த ‘இல்லை’யைச் சொல்லிவிடக்கூடும். இப்படிக் கேளுங்கள்: ‘இந்தச் சிக்கன் சொசேஜில கோதுமை மா, றஸ்க், பார்லி ஏதும் சேருதா? ஸ்டார்ச் எண்டு போட்டிருக்கிறது எந்தத் தானியத்தில எடுத்தது? மசாலாக் கலவைக்குள்ள மா இருக்கா? இதே மெஷினில றஸ்க் போட்ட சொசேஜும் செய்யிறதா?’ கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். அதற்கு ‘ஓம்’ என்று பதில் வந்தால், இடையில் எப்படிக் கழுவுகிறார்கள், பரிசோதித்துப் பார்த்த அறிக்கை இருக்கிறதா என்று அடுத்ததாகக் கேளுங்கள்.

பதிலை எழுத்தில், மின்னஞ்சலாக அனுப்பச் சொல்லுங்கள். வந்தால் திகதியோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கம்பனியின் ஒரு வகை சரியாக இருந்து அடுத்த வகை சரியில்லாமல் போகலாம். செய்முறையையும் இடைக்கிடை மாற்றுவார்கள். ஆகவே பழகிய பக்கெட்டையும் ஒவ்வொரு முறையும் வாசித்துத்தான் வாங்கவேண்டும். இது அலுப்பான வேலை, வேறு வழி கிடையாது.

நான்காம் படி: கடையில்

எங்கள் பக்கத்துச் சிறு கடைகளில் பெரிய பக்கெட்டைப் பிரித்து, ஒன்று இரண்டு என்று சொப்பிங் பையில் போட்டுத் தருவது சாதாரணம். மூன்று சொசேஜ் போதும் என்கிற வீட்டுக்கு அது வசதிதான். சீலியாக் உள்ளவருக்கு அது ஆகாது. சேர்மானம் தெரியாது, கம்பனி தெரியாது, அதே கையால் பாணும் றோல்ஸும் எடுத்திருப்பார்கள். ‘நானா, பிரிச்சது வேணாம், மூடின பக்கெட்டாத் தாங்க’ என்று சொல்லிப் பழகுங்கள். சிறிய பக்கெட் இல்லையென்றால் பெரியதை வாங்கி வீட்டில் பங்கு போட்டு உறைய வையுங்கள்.

மின்சாரம் போய்வந்த நாட்களில் பக்கெட்டைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே ஐஸ் பொருக்கு கட்டிச் சொசேஜுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் உருகி மறுபடி உறைந்தது என்று அர்த்தம். அது குளூட்டன் கதை அல்ல, கிருமிக் கதை. ஏற்கெனவே புண்பட்ட குடலுக்கு அதுவும் சேர வேண்டாம்.

நீர்கொழும்புப் பக்கம் பேர்போன லிங்குஸ் என்ற சொசேஜை யாராவது கொண்டுவந்து தந்தால், அதன் அடிப்படைச் செய்முறையில் பன்றியிறைச்சியும் கொழுப்பும் வினாகிரியும் வாசனைச் சரக்கும்தான். செய்தவரிடம் நேரே கேட்க முடிந்தால் கேட்டுச் சாப்பிடலாம். முடியாவிட்டால் விடுங்கள்.

ஐந்தாம் படி: உங்கள் குசினி

சரியான சொசேஜை வாங்கிவந்து, காலையில் ரொட்டி சுட்ட கல்லில் போட்டு எடுத்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

கோதுமை மா எங்கள் குசினியில் ஒரு மூலையில் இருப்பதில்லை, காற்றிலேயே இருக்கிறது. பாணும் ரொட்டியும் ஒருபக்கம் இருக்க, புட்டுக்கு அரிசி மாவோடு கோதுமை மாவைக் கலக்கிறோம், அவித்த கோதுமை மாவில் இடியப்பம் பிழிகிறோம், மீனைப் பிரட்டிப் பொரிக்கிறோம். மா அரிக்கும்போது பறக்கிற தூள் பக்கத்துச் சட்டியில் படியும். எனவே வீட்டில் ஒருவருக்குச் சீலியாக் என்றால், முடிந்தவரை முழு வீடுமே அரிசி மாவுக்கு மாறிவிடுவது நல்லது என்பது என் கருத்து. வயல் சூழ்ந்த மாவட்டங்கள் இவை. அரிசிக்குப் பஞ்சமில்லை. மாற முடியாத வீட்டுக்குத்தான் கீழே வருபவை.

எவர்சில்வர், அலுமினியம், கண்ணாடிப் பாத்திரங்களைச் சவர்க்காரம் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும், புதிதாக வாங்கத் தேவையில்லை. நுண்துளையும் கீறலும் உள்ளவைதான் சிக்கல். மர அகப்பை, வெட்டுப்பலகை, ஒட்டாத பூச்சு உரிந்த தாச்சி, ஓலை நீத்துப்பெட்டி, மூங்கில் புட்டுக்குழல், மர இடியப்ப உரல், பின்னிய இடியப்பத் தட்டு, மா அரிதட்டு, சுளகு ஆகியவற்றைச் சீலியாக் உள்ளவருக்கென்று தனியாக வாங்கி, சிவப்பு நூல் கட்டி வேறாக வையுங்கள். நீத்துப்பெட்டியை எவ்வளவு கழுவினாலும் ஓலை இடுக்கில் இருக்கிற மா போகாது. அரிதட்டும் அப்படித்தான்.

பொரித்த எண்ணெயை வடித்து வைத்து மறுநாள் பாவிப்பது எல்லா வீட்டிலும் நடக்கும். கட்லட், றோல்ஸ், மாவில் பிரட்டிய மீன் இவற்றைப் பொரித்த எண்ணெயில் சொசேஜைப் போடக்கூடாது. சொசேஜுக்கு நிறைய எண்ணெய் தேவையும் இல்லை. ஒரு கரண்டித் தேங்காயெண்ணெயில் உருட்டி எடுத்தால் போதும்.

மாஜரின் பேணி, ஜாம் போத்தல், சோஸ் போத்தல் இவற்றுக்குள் பாண் துகள் ஒட்டிய கத்தி போய்வரும். தனிப் போத்தல் வைப்பது இலகு. அடுப்படியில் யார் முதலில் சமைப்பது என்பதற்கும் ஒரு ஒழுங்கு வையுங்கள்: குளூட்டன் இல்லாதது முதலில், கோதுமை பிறகு.

ஆறாம் படி: டெவில் செய்வதானால்

சொசேஜ் என்றால் எங்கள் ஆட்களுக்கு டெவில்தான். கடை முறையில் சொசேஜைக் கீறி, மாவில் பிரட்டிப் பொரித்து, சோயா சோஸ், தக்காளிச் சோஸ், மிளகாய்ச் சோஸ் ஊற்றிக் கிளறுவார்கள். சொசேஜே சரியாக இருந்தாலும் மாவும் சோயா சோஸும் சேர்ந்து கெடுத்துவிடும்.

வீட்டில் இப்படிச் செய்யலாம். சொசேஜைச் சாய்வாக வெட்டி வெறுமனே பொரித்து எடுங்கள். மொறுமொறுப்பு வேண்டுமென்றால் அரிசி மாவைத் தூவுங்கள். அதே எண்ணெயில் உள்ளி, இஞ்சி, பெரிய வெங்காயம், கறிமிளகாய், தக்காளி வதக்கி, இடித்த செத்தல் மிளகாயும் கொஞ்சம் கெட்டிப் புளியும் ஒரு கரண்டிச் சீனியும் உப்பும் போடுங்கள். கடைசியில் தேங்காய் வினாகிரி ஒரு தெளிப்பு. சோயா சோஸின் கருமைக்குப் பதிலாகப் புளியும் சீனியும் சேர்ந்து ஒரு பளபளப்புத் தரும். ருசியில் கடை டெவிலுக்குக் குறைவில்லை என்று நான் சொல்வேன், வீட்டு ஆட்கள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும். மோல்ட் வினாகிரி மட்டும் வேண்டாம், அது பார்லி.

பக்கத்தில் வைக்கும் கறிகளிலும் ஒரு கண். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மா சேர்ப்பது வழக்கம். இரசமும் சாம்பாரும் இதில்தான் மாட்டும். குரக்கன் மா, இடியப்ப மா என்று பக்கெட்டில் வருபவற்றிலும் கோதுமை கலந்திருக்கலாம், வாசியுங்கள். அரிசியை மில்லுக்குக் கொடுத்து அரைப்பிக்கிறவர்கள் தங்களுக்கு முன் என்ன அரைத்தது என்று கேட்கவேண்டும். கோதுமையும் பார்லியும் சேர்த்த சத்துமா அரைத்த கையோடு உங்கள் அரிசி போனால், முதல் வரும் மா உங்களுக்கு ஆகாது.

ஏழாம் படி: கடைச் சாப்பாடு

சொசேஜ் கொத்து: வேண்டாம். கொத்துகிற கல் முழுக்க ரொட்டி. ‘ரொட்டி இல்லாமப் போட்டுத் தாறன்’ என்று அன்பாகச் சொன்னாலும் அதே கல், அதே தகடு. சொசேஜ் ப்ரைட் ரைஸ் அரிசிதானே என்று நினைக்க வைக்கும், ஆனால் அதே தாச்சி, சோயா சோஸ். சொசேஜ் பன், பற்றிஸ், பீட்ஸா பற்றிச் சொல்லவே தேவையில்லை. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் ராத்திரிக் கொத்து அடிக்கிற சத்தம் கேட்டால் கால் தானாக இழுக்கும், தெரியும். தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். மோல்ட் பானங்களை மட்டும் கேட்காதீர்கள், அவற்றிலும் பார்லி.

வெளியில் சாப்பிட்டே ஆகவேண்டும் என்றால் சொசேஜை மறந்து சோறு கறிப் பக்கம் போங்கள். பார்சல் கட்ட முன்னர், ‘அண்ணன், எனக்குக் கோதுமை மா உடம்புக்கு ஒத்துக்காது, வைத்தியர் தடுத்திருக்கார். மீன் மாவில பிரட்டினதா? குழம்பு மா கரைச்சுத் தடிப்பாக்கினதா?’ என்று கேளுங்கள். சீலியாக் என்ற பெயரைச் சொன்னால் விளங்காது. ‘கோதுமை மா ஆகாது, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வரும்’ என்றால் உடனே விளங்கும். கட்லட்டையும் பொரித்த மிளகாயையும் கரண்டி மாற்றாமல் எடுத்து வைப்பார்கள் என்பதால் ‘கட்லட்டுப் பக்கம் போகாத கரண்டியால போடுங்க’ என்பதையும் சேர்த்துச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

எட்டாம் படி: வீட்டிலேயே சொசேஜ்

நல்ல பக்கெட் கிடைக்காத ஊரில் இதுதான் நிம்மதி. கோதுமை இல்லாமல் செய்யத் தெரிந்துவிட்டால் கம்பனிக்கு அழைக்கவும் வேண்டாம், எழுத்துக்கூட்டி வாசிக்கவும் வேண்டாம்.

எலும்பு நீக்கிய கோழித் தொடை இறைச்சி ஒரு கிலோ, தோலோடு. நெஞ்சு இறைச்சி வேண்டாம், வறண்டு போகும். சிறு துண்டாக வெட்டி, ஓரம் இறுகும் வரை உறைபெட்டியில் அரை மணித்தியாலம் வையுங்கள். இறைச்சி குளிராக இருப்பதுதான் இந்த வேலையின் உயிர். எங்கள் வெயிலில் அது இளகினால் கொழுப்புப் பிரிந்து, சொசேஜ் மண் மாதிரி உதிரும்.

15 கிராம் உப்பு, ஆறு பல்லு உள்ளி, இரண்டு தேக்கரண்டி மிளகுத்தூள், விருப்பம்போல இடித்த செத்தல் மிளகாய், கொஞ்சம் சாதிக்காய். இவற்றோடு இறைச்சியைச் சிறிது சிறிதாகக் கிரைண்டரில் அரைத்து எடுங்கள். பிறகு நான்கு மேசைக்கரண்டி வறுத்த அரிசி மாவும் 100 மில்லிலீற்றர் ஐஸ் தண்ணீரும் சேர்த்துக் கையால் ஐந்து நிமிடம் பிசையுங்கள். கையைக் கவிழ்த்தால் விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும் பதம் வரவேண்டும். வராவிட்டால் ஒரு முட்டை வெள்ளைக்கரு கைகொடுக்கும். மிளகுத்தூளும் மிளகாயும் வீட்டில் இடித்ததாக இருந்தால் நல்லது.

குடல் தோல் தேடி அலைய வேண்டாம். வாழையிலையை அனலில் வாட்டி, எண்ணெய் தடவி, பெருவிரலை விடக் கொஞ்சம் தடிப்பான உருளையாகக் கலவையை வைத்துச் சுருட்டி இரண்டு முனையையும் நாரால் கட்டுங்கள். இடியப்பம் அவிக்கிற பானையில், சுத்தமான தட்டில் அடுக்கி, 25 தொடக்கம் 30 நிமிடம் அவியுங்கள். ஒன்றை நடுவில் வெட்டிப் பாருங்கள். இளஞ்சிவப்பு இல்லாமல், நீர் தெளிவாக வரவேண்டும். வெப்பமானி உள்ளவர்களுக்கு நடுப்பகுதி 74 பாகை செல்சியஸ். நைட்ரைட் சேர்க்காததால் கடைச் சொசேஜின் ரோசா நிறம் வராது, வெள்ளையாகத்தான் இருக்கும். அதே காரணத்தால் நாளும் தாங்காது. ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் முடியுங்கள், மிச்சத்தை உறைய வையுங்கள்.

வீட்டுச் சொசேஜ் ஆனாலும் கடைச் சொசேஜ் ஆனாலும் தினசரிச் சாப்பாடாக்க வேண்டாம். உப்பும் கொழுப்பும் அதிகம். பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் சேர்த்தது. சீலியாக் இல்லாதவருக்கும் இது பொருந்தும்.

வெளிநாட்டுப் பார்சல்

லண்டனிலும் சுவிசிலும் இருக்கிற சொந்தக்காரர் வரும்போது என்ன கொண்டுவர என்று கேட்பார்கள். இறைச்சியைச் சொல்லாதீர்கள். வழியில் பழுதாகும், சுங்கத்திலும் சிக்கல் வரும். குளூட்டன் இல்லாத சோயா சோஸ், மசாலாத் தூள், பாண் செய்யும் மாக்கலவை என்பவற்றைக் கேளுங்கள். பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் குறுக்கே கோடு போட்ட கோதுமைக் கதிர் அடையாளம் உள்ள பொருட்களை எடுக்கச் சொல்லலாம். அங்கே குளூட்டனுள்ள தானியத்தின் பெயரைச் சேர்மானப் பட்டியலில் தடித்த எழுத்தாலோ வேறு விதமாகவோ பிரித்துக் காட்டவேண்டும் என்பது சட்டம், ஆகவே அந்தப் பட்டியலை வாசிப்பது இலகு.

தவறிச் சாப்பிட்டுவிட்டால்

முறிக்க மருந்து கிடையாது, வாந்தி எடுக்க முயலவும் வேண்டாம். தண்ணீர், இளநீர், வயிற்றோட்டம் என்றால் ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசல். சிறு பிள்ளை சோர்ந்துபோய்ச் சலமும் குறைந்தால் வைத்தியசாலைக்குப் போங்கள். அடுத்த வேளையிலிருந்து பழைய கட்டுப்பாட்டுக்குத் திரும்புங்கள், ‘இண்டைக்குத்தான் கெட்டுப்போச்சே’ என்று மற்றதையும் சாப்பிடவேண்டாம்.

சொசேஜ் சாப்பிட்டதும் வயிறு குழம்பினால் எல்லாம் குளூட்டன் என்றும் முடிவுகட்டாதீர்கள். புதிதாக நோய் கண்டவருக்குப் பாலில் உள்ள லக்டோஸ் கொஞ்சக்காலம் ஒத்துவராமல் இருக்கலாம், சில சொசேஜில் பால்மா சேர்கிறது. கொழுப்பும் உள்ளியும் செய்யும் வேலையும் உண்டு. மறுபக்கம், வயிறு ஒன்றும் சொல்லவில்லை என்பதற்காக அந்தச் சொசேஜ் நல்லது என்றும் ஆகாது, சத்தமில்லாமலே குடல் புண்படும். வைத்தியர் சொல்கிற தவணையில் இரத்தம் சோதித்துப் பார்ப்பதுதான் நம்பகமானது. தொடக்கத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை என்பது பொதுவான நடைமுறை.

பிள்ளையின் பள்ளிக்கூடமும் பார்ட்டியும்

குச்சியில் குத்திய குட்டிச் சொசேஜ் இல்லாத பிறந்தநாள் இப்போது அபூர்வம். வகுப்பு ஆசிரியருக்கும் நண்பர்களின் தாய்மாருக்கும் முன்கூட்டியே ஒரு சிறு கடிதம் கொடுங்கள்: கோதுமை, பார்லி, ரவை, சேமியா, பிஸ்கட், கேக், கடைச் சொசேஜ் எதுவும் கொடுக்க வேண்டாம், சோறு, முட்டை, பழம், மரவள்ளி, சோளம் கொடுக்கலாம். கடிதம் நீண்டால் யாரும் வாசிக்கமாட்டார்கள்.

பார்ட்டிக்குப் போகும்போது வீட்டில் செய்த சொசேஜை அதே குட்டி அளவில் வெட்டி, அதே மாதிரிக் குச்சியில் குத்தி மூடியுள்ள பெட்டியில் கொடுத்துவிடுங்கள். தட்டில் மற்றப் பிள்ளைகளுடையதைப் போலவே தெரிந்தால் பிள்ளைக்கு மனக்குறை இருக்காது. பெட்டியை உணவு மேசையில் வைக்காமல் பிள்ளையின் கையில், அல்லது பொறுப்பான ஒரு பெரியவரிடம் கொடுங்கள். மேசையில் வைத்தால் கேக் வெட்டிய கத்தியும் பற்றிஸ் எடுத்த கையும் அதற்குள் வரும். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதானால் காலையில் நன்றாகச் சூடாக்கி, ஆறவிட்டு, உறைந்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றைப் பெட்டியோடு ஒட்டி வையுங்கள். இடைவேளைக்குச் சாப்பிடாமல் திரும்பி வந்தால் அதை எறிந்துவிடுங்கள், மத்தியானத்துக்குச் சூடாக்கிக் கொடுக்க வேண்டாம்.